கல் விழும் தூரம்

வெடிச்சத்தம் கேட்டதும் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கும் பழக்கம் எல்லாக் குவாரிகளிலும் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். 300 மீட்டர் தள்ளி விழப்போகிற கல் ஒன்று 45 டிகிரி சாய்வில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 54 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 195 கிலோமீட்டர் வேகத்தில், அது பாறையை விட்டுப் புறப்பட்டிருக்க வேண்டும். காற்றின் தடையையும் சேர்த்தால் வேகம் இன்னும் கூடும். 75 மீட்டர் உயரம் ஏறி இறங்கித் தரையைத் தொட அதற்கு ஏறக்குறைய 8 நொடி ஆகும். சத்தம் ஒரு நொடிக்குள் நம் காதுக்கு வந்துவிடும். மிச்சம் 7 நொடி. அந்த 7 நொடியில்தான் ஆட்கள் மறைவிலிருந்து தலையை நீட்டுகிறார்கள், லாரி டிரைவர் கதவைத் திறக்கிறார், செல்போனில் படம் எடுக்க ஒருவர் மேட்டில் ஏறுகிறார்.

குவாரியில் வெடி வைக்கும் பிளாஸ்டர் வேலைக்கான தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளிடம் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுவேன். சத்தம் கேட்ட பிறகு இருபது வரை எண்ணு. எண்ணி முடிக்கும் வரை மறைவை விட்டு அசையாதே. வெடித்த இடத்தைப் பார்க்கப் போவதற்கு வேறு விதிகள் உண்டு, புகை அடங்க வேண்டும், வெடிக்காத குழி இருக்கிறதா என்று பிளாஸ்டர் பார்க்க வேண்டும். இந்த இருபது அதற்கெல்லாம் முந்தியது.

*

தமிழ்நாட்டுக் கல்குவாரிகளில் பெரும்பாலும் ஜாக்ஹாமர் குழிதான். 32 மில்லிமீட்டர் விட்டம், ஒன்றரை மீட்டர் ஆழம், உள்ளே 25 மில்லிமீட்டர் ஸ்லரி தோட்டா. சிமென்ட் ஆலைகளுக்கான சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் குழி 100 மில்லிமீட்டரைத் தாண்டும். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் கடலூர் மணற்கல் கெட்டியானது. ராட்சதச் சக்கர இயந்திரம் அதை வெட்டுவதற்கு முன் அங்கேயும் வெடி வைத்து இளக்க வேண்டியிருக்கிறது. குழியின் அளவு மாறினாலும் கல் பறக்கும் வழிகள் மூன்றுதான்.

ஒன்று, முகப்பு வழியாக. முன்வரிசைக் குழிக்கும் பாறையின் வெளிமுகத்துக்கும் நடுவே இருக்கும் கல்லின் கனத்தைக் குவாரியில் பர்டன் என்பார்கள். அது எங்கேயாவது மெலிந்திருந்தால் வெடிமருந்தின் வாயு அந்த இடத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். இரண்டு, மேல்பக்கமாக. குழியின் வாய்வரைக்கும் மருந்தை ஏற்றிவிட்டால், அல்லது மேல்பாறை ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்தால், வெடி முன்பக்கம் தள்ளாமல் மேலே பிளந்துகொண்டு கிளம்பும். மூன்று, குழியின் வாயடைப்பே பிடுங்கிக்கொண்டு போவது. அப்போது குழி துப்பாக்கிக் குழல் மாதிரி ஆகி, வாயோரத்துக் கற்களை உயரத் துப்பும்.

*

ஆஸ்திரேலியாவில் ஆலன் ரிச்சர்ட்ஸ், அட்ரியன் மூர் என்ற இருவர் 2004இல் இதற்கு ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார்கள். ஒரு மீட்டர் நீளக் குழியில் எத்தனை கிலோ மருந்து, அதன் முன்னே எத்தனை மீட்டர் கல், பாறை இளசா கெட்டியா என்ற மூன்று விவரம் போதும். கெட்டிப் பாறையில் 100 மில்லிமீட்டர் குழி, ஆன்ஃபோ மருந்து, பர்டன் 2.5 மீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டேன். கல் போகக்கூடிய தூரம் 81 மீட்டர் வருகிறது. அதே குழி, அதே மருந்து, பர்டன் 1.5 மீட்டர் என்றால் 306 மீட்டர். 1.25 மீட்டர் என்றால் 490.

பாதியாகக் குறைந்த பர்டனுக்கு ஆறு மடங்கு தூரம். இந்த ஒரு வரியை ஒவ்வொரு குவாரி ஆபீஸ் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதிப் போட வேண்டும் என்பது என் ஆசை.

முகப்பு நேராக இருப்பதே இல்லை. போன வெடி ஒரு இடத்தில் குடைந்திருக்கும், இன்னொரு இடத்தில் மூக்கு விட்டிருக்கும். மேலே விளிம்பில் நின்று டேப் பிடித்தால் 2.5 மீட்டர் காட்டும். நான்கு மீட்டர் கீழே பாறை உள்வாங்கி அது 1.25 ஆகியிருப்பது மேலே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. துளை போடும்போது ராடு சாய்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பெரிய சுரங்கங்களில் லேசர் கருவியாலும் டிரோனாலும் முகப்பை அளக்கிறார்கள். சின்னக் குவாரியில் அதற்கு வழியில்லை என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. அங்கேயும் அளக்கலாம்.

அளப்பவரைப் பார்த்திருக்கிறேன். வயதான பிளாஸ்டர் ஒருவர், எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. நீளமான மூங்கில் கம்பு ஒன்று, அதன் நுனியில் கயிறு, கயிற்றில் மீட்டருக்கு ஒரு சிவப்புத் துணி, அடியில் ஒரு இரும்பு போல்ட். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு விளிம்புக்கு ஓரடி பின்னால் உட்கார்ந்து கம்பை வெளியே நீட்டுவார். கீழே, கல் உருளாத தூரத்தில் நிற்கும் பையன் ஒவ்வொரு சிவப்புத் துணியிலும் கயிற்றுக்கும் பாறைக்கும் இடைவெளி எவ்வளவு என்று கத்துவான். மேஸ்திரி அதை வாயிலேயே கூட்டிக் கழித்து, குழியின் பக்கத்தில் சுண்ணாம்பால் எழுதுவார். ஒரு குழிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"இதுக்கு முன்னாடி கல்லே இல்ல சார். காத்துதான் இருக்கு. மூணாவது துணிக்கிட்ட மருந்து போடக் கூடாது."

"அப்ப என்ன போடுவீங்க மேஸ்திரி?"

"சிப்ஸ் போட்டு மூடிட்டு, அதுக்கு மேல கொஞ்சமா மருந்து."

டெக் சார்ஜிங் என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டு விளக்கும் வேலையை அவர் அந்தக் குழியில் செய்தார். முன்வரிசைக் குழிகள் அத்தனையையும் அளந்து முடிக்க அரை மணி நேரம் ஆகியிருக்கும். அன்றைக்குக் கல் முகப்பின் அடியிலேயே கொட்டியது.

*

வாயடைப்பு பற்றித் தனியாக எழுத வேண்டும். துளை போட்டபோது வெளியே வந்த பொடி குழியோரத்திலேயே குவிந்து கிடக்கும். அதையே காலால் தள்ளி அடைத்துவிடுவது சுலபம், காசும் இல்லை. ஆனால் நுண்ணிய பொடி அழுத்தத்தில் பிடித்து நிற்காது, ஒரேயடியாக வெளியே பாயும். விளிம்பு கூராக உள்ள ஜல்லிச் சிப்ஸ் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகும். 100 மில்லிமீட்டர் குழிக்கு 10 மில்லிமீட்டர் சிப்ஸ் நன்றாக வேலை செய்கிறது. கிரஷர் வைத்திருக்கும் குவாரியில் சிப்ஸுக்கு என்ன பஞ்சம்? ஒரு டிராக்டர் லோடு கொண்டுவந்து, குழி போடும் பாறைப்படியான பெஞ்சில் கொட்டி வைத்தால் வாரக்கணக்கில் வரும்.

நீளமும் முக்கியம். வாயடைப்பின் நீளம் பர்டனில் முக்கால் பங்குக்குக் குறையக் கூடாது. வீடு, ரோடு பக்கத்தில் இருந்தால் பர்டன் அளவுக்கே விட வேண்டும். ஜாக்ஹாமர் குழியில் இது அடிக்கடி தவறுகிறது. ஒன்றரை மீட்டர் குழியில் தோட்டாவை அடுக்கிக்கொண்டே போய், மேலே ஒரு ஜாண் மட்டும் மண் போட்டு மூடினால், அந்தக் குழி மேலே பாயும் என்று எழுதிக் கொடுத்துவிடலாம்.

குழி போட்டவரிடம் பேசாமல் மருந்து ஏற்றக் கூடாது. ராடு திடீரென்று இறங்கியதா, பொடியின் நிறம் மாறியதா, ஈரமண் வந்ததா, காற்று வேறு எங்காவது புகைந்ததா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பாறைக்குள் களிமண் பட்டையோ பொந்தோ இருந்தால், கொட்டி ஏற்றும் மருந்து அங்கே போய்ச் சேர்ந்து ஒரே இடத்தில் குவியும். வாயுவும் அந்தப் பலவீனமான இடத்தைத் தேடிப் போகும். குழி போட்ட கம்ப்ரசர் ஆள் மதியமே வீட்டுக்குப் போய்விட்டார், மருந்து ஏற்றுபவர் சாயங்காலம் வந்தார் என்றால் அந்தத் தகவல் அத்தனையும் கம்ப்ரசர் ஆளோடு போய்விட்டது. ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும் இதற்கு. குழி எண், எத்தனை அடியில் என்ன கண்டது.

*

அமெரிக்கக் கணக்கு ஒன்று. பாஜ்பாயி என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் 1978 முதல் 1998 வரை அந்நாட்டின் திறந்தவெளிச் சுரங்கங்களில் வெடிமருந்தால் நேர்ந்த காயங்களையும் சாவுகளையும் எடுத்து அலசினார்கள். 68.2 விழுக்காட்டுக்குக் காரணம் இரண்டு: பறந்து வந்த கல், வெடிப்பகுதியில் ஆட்களை அப்புறப்படுத்தாதது. மருந்தைக் கையாளும்போது வெடித்தது, வெடிக்காத குழியில் மறுபடி துளை போட்டது போன்ற நாம் அதிகம் அஞ்சும் விபத்துகள் எல்லாம் சேர்ந்து மீதிக்குள் அடங்கிவிடுகின்றன.

அந்த நாட்டு விபத்து அறிக்கைகளில் உள்ள நான்கு சாவுகளை என் நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். 1990: வெடித்த இடத்திலிருந்து 154 மீட்டரில், உயரமான பாறைச்சுவரின் உச்சியில் நின்ற பிளாஸ்டர். 1992: லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு வெடியை இயக்கிய பிளாஸ்டர், கல் வந்த தூரம் 229 மீட்டர். 1994: துளை போட்டு மருந்தும் ஏற்றிய தொழிலாளி, 46 மீட்டருக்குள் நின்றவர். 1999: யாரும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளப் பாதையில் பிக்கப் வண்டியோடு காவல் நின்றவர், தூரம் ஏறக்குறைய 244 மீட்டர். கல் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது.

நான்கு தூரமும் 300 மீட்டருக்குள். நால்வரும் சுரங்கத்து ஆட்கள். இருவர் வெடி வைக்கவே பயிற்சி பெற்றவர்கள். லாரியின் அடி ஒரு மறைவு ஆகாது, வண்டியின் கண்ணாடி ஒரு மறைவு ஆகாது. மேலே இரும்புத் தகடு, முகப்பைப் பாராமல் மறுபக்கம் பார்த்த வாசல், மூன்று பக்கமும் சுவர் என்று கட்டிய மறைவு வேண்டும். பழைய கன்டெய்னரை வெட்டி மேலே மணல்மூட்டை அடுக்கினாலும் சரி. 1999இல் இறந்தவரை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. மற்றவர்களை எட்டி நிற்க வைப்பது அவர் வேலை. அவரை எட்டி நிறுத்துவது யார் வேலை என்று அங்கே யாரும் கேட்டிருக்கவில்லை.

*

சட்டத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959, மக்கள் குடியிருக்கும் இடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி கூடாது என்கின்றன. பக்கத்துக் கேரளத்தில் 50 மீட்டர் போதும் என்று வைத்திருந்தார்கள். வெடி வைக்கும் குவாரிக்கு 200 மீட்டராவது வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்ல, 2020இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அதையே உத்தரவாக்கி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சுரங்கத்துக்குள் இருப்பவர்களுக்கு வேறு விதி. 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள்தான் கல்குவாரிக்கும் பொருந்தும். வெடிக்கும் இடத்தைச் சுற்றி 300 மீட்டர் ஆபத்துப் பகுதி; அதற்குள் இருக்கும் அத்தனை பேரும் மறைவுக்குப் போன பிறகுதான் வெடியை இயக்க வேண்டும். நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 2017இல் வந்த புதிய விதி இந்தத் தூரத்தை 500 ஆக்கியது.

300 என்ற எண்ணைப் பலரும் ஒரு சுவர் போல நம்புகிறார்கள். அது தவறு. ஸ்வீடனில் லுண்ட்போர்க் என்ற ஆய்வாளர் 1970களில், மிக மோசமாக ஏற்றப்பட்ட குழியிலிருந்து கல் எவ்வளவு தூரம் போகும் என்று சோதனை செய்து சூத்திரம் தந்தார். ஒரு அங்குலக் குழிக்கு 260 மீட்டர். நம் 32 மில்லிமீட்டர் ஜாக்ஹாமர் குழிக்கு அதைப் போட்டால் 300ஐத் தொட்டு நிற்கிறது. 100 மில்லிமீட்டர் குழிக்கு 650 மீட்டர். பெரிய குழி போடும் சுரங்கத்தில் 301ஆவது மீட்டரில் நின்றுகொண்டு விதிப்படி பாதுகாப்பாக இருக்கிறேன் என்று சொல்பவரைக் கல் அறியாது.

அந்த ஆஸ்திரேலியர்கள் சொன்ன இன்னொன்றை இங்கே சேர்க்க வேண்டும். கணக்கில் வந்த தூரத்தை இயந்திரத்துக்கு இரண்டால் பெருக்கு, மனிதருக்கு நான்கால் பெருக்கு. நன்றாக வடிவமைத்த வெடியில் 81 மீட்டர் வந்ததே, மனிதருக்கு அது 324 மீட்டர். அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்க விதியும் இதே புத்தியோடு எழுதப்பட்டது: பறக்கும் கல், மிக அருகில் உள்ள வீட்டுக்கான தூரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, சுரங்கத்துக்கு அனுமதித்த பகுதியின் எல்லையையும் தாண்டக் கூடாது. வீட்டில் விழவில்லையே என்று அங்கே வாதாட முடியாது, பாதி தூரம் வந்தாலே குற்றம். நம் ஊருக்கும் இந்த விதி வேண்டும். வீட்டுக்கூரையில் விழுந்தால்தான் புகார், காட்டில் விழுந்தால் கணக்கில்லை என்ற நிலை இருக்கும் வரை, தப்பிய விபத்துகளிலிருந்து யாரும் எதையும் கற்கப் போவதில்லை.

*

ரோடு. ஆபத்துப் பகுதிக்குள் பொதுச்சாலையோ ரயில் பாதையோ வந்தால் இரண்டு முனையிலும் ஆள் நிறுத்தி, போக்குவரத்து நின்றுவிட்டது என்று தகவல் வந்த பிறகே வெடிக்க வேண்டும் என்பது நம் விதியிலேயே இருக்கிறது. 1993 ஜூனில் டென்னசி மாநிலத்தில் நிலக்கரிச் சுரங்கத்து வெடியில் கிளம்பிய கல், இன்டர்ஸ்டேட் 75 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த காரைத் தாக்கி, உள்ளே இருந்த 16 வயதுப் பையன் இறந்தான். வெடி என்று ஒன்று நடக்கப்போவதே தெரியாமல் செத்தவன் அவன்.

நம் கிராமத்துப் பக்கம் ரோடு என்பது தார்ச்சாலை மட்டும் இல்லை. ஆடு மேய்க்கும் தடம், நூறுநாள் வேலைக்குப் போகும் வண்டிப்பாதை, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குறுக்குவழி. இவற்றுக்கு எந்த வரைபடத்திலும் கோடு கிடையாது. கொடி பிடிக்க ஆள் நிறுத்துபவர் உள்ளூர்க்காரராக இருந்தால்தான் இந்தத் தடங்கள் தெரியும். சிவப்புக்கொடியும் விசிலும் வாக்கிடாக்கியும் அவர் கையில் இருக்க வேண்டும். "கிளியர்" என்று அவர் வாயால் சொல்லக் கேட்காமல் பிளாஸ்டர் கை வைக்கக் கூடாது. ஒருவர் பதில் தரவில்லை என்றால் வெடி நிற்க வேண்டும். எவ்வளவு லாரி காத்திருந்தாலும்.

*

உருட்டுக்கல்லை உடைக்க வைக்கும் இரண்டாம் வெடி. பெரிய வெடியில் உடையாமல் நிற்கும் கல்லில் அடியளவு துளை போட்டு, அல்லது துளையே இல்லாமல் மேலே தோட்டாவை வைத்து மண் அப்பி வெடிப்பார்கள். மருந்து கொஞ்சம்தானே என்ற அலட்சியம். நாலு பக்கமும் திறந்து கிடக்கும் கல் அது, எந்தப் பக்கம் பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ராக் பிரேக்கர் பூட்டிய பொக்லைன் இன்று வாடகைக்குக் கிடைக்கிறது. இரண்டாம் வெடியை அடியோடு நிறுத்திவிடலாம், நிறுத்த வேண்டும்.

குழிகளின் மேல் கம்பிவலை, பழைய கன்வேயர் பெல்ட், மணல்மூட்டை போட்டு மூடி வெடிப்பதும் உண்டு. வீடுகள் பக்கத்தில் இருக்கும்போது நல்லதுதான். மேல்பக்கம் கிளம்பும் கல்லை அது பிடிக்கும். முகப்பு வழியாகப் போகும் கல்லுக்கு அதனால் தடையில்லை என்பதை மறந்துவிட்டு, மூடிவிட்டோம் என்ற தைரியத்தில் ஆட்களைப் பக்கத்தில் நிறுத்துவதுதான் கெடுதல்.

*

கூலி. கிடைக்கும் கல்லின் அளவைப் பொறுத்துச் சம்பளம் வாங்குபவரை வெடி வைக்கும் பொறுப்பில் நியமிக்கக் கூடாது என்று நம் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. எத்தனை பேருக்கு இது தெரியும்? லோடுக்கு இவ்வளவு என்று பேசிய ஆள் பர்டனை அளக்க அரை மணி செலவழிக்க மாட்டார், ஒரு தோட்டா கூடுதலாகத்தான் போடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மாதச் சம்பளமும், "இன்னைக்கு வெடி வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரமும் அவருக்குக் கொடுத்தால் பாதி ஆபத்து அங்கேயே குறையும். என் வகுப்பில் ஒரு பையன் கேட்டான், "முதலாளி போடச் சொன்னா என்ன சார் பண்றது?" விதிப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அது போதாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆய்வாளர் நேரில் வந்து கேட்கும் குவாரியில்தான் அந்தத் தாளுக்குப் பலம்.

*

2024 மே 1 அன்று விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி அருகே ஒரு கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கில் நேர்ந்த விபத்தில் 3 பேர் இறந்தார்கள். மாநிலமே பேசியது, பேச வேண்டியதுதான். ஒரு கல் பறந்து வந்து ஒருவர் தோளை உடைப்பது மாவட்டப் பக்கத்தில்கூட வருவதில்லை. வைத்தியச் செலவைக் கொடுத்துப் பேசி முடித்துவிடுகிறார்கள். எழுத்தில் பதிவே இல்லாமல் போவதால், அடுத்த வெடியில் யாரும் எதையும் மாற்றுவதும் இல்லை.

குவாரிப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் கல் விழுந்தால் கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கிடக்கும் இடத்திலேயே படம் எடுங்கள். தேதி, நேரம், கல்லின் எடை, குவாரி முகப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை எழுதுங்கள். தூரத்தைச் செல்போன் வரைபடத்திலேயே அளக்கலாம். யாருக்கும் காயம் இல்லை என்றாலும் மாவட்ட ஆட்சியருக்கும், கனிமவளத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கும், சென்னையில் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரக அலுவலகத்துக்கும் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். நகல் ஒன்றை ஊராட்சியில் கொடுத்து முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.